ஒன்றும் நடக்காத ஊர்

என் தோழி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தண்ணீர் வரும், அடுத்து காபி வரும், கிளம்பும்போது முருங்கைக்கீரை ஒரு கட்டோ தேங்காயோ கூடவே வரும். அதே வீட்டுக்கு நான் போனால், "என்ன விசயமா வந்தீக?" என்ற கேள்வி மட்டும் வரும். இத்தனைக்கும் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை, ஒரே பட்டம். வேலையும் ஒன்றுதான்.

அந்த வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்கே புரியாது. மழை, வெள்ளம், வறட்சி, இடி என்று இயற்கை புரட்டிப் போட்டால் ஓர் ஊர் எதையெல்லாம் இழக்கும், யார் முதலில் இழப்பார்கள், அதைக் குறைக்க முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம் என்று பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் இதைச் செய்துகொண்டிருந்தது. கல்லல் பக்கம் ஒரு கிராமத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஒக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்தை அவளிடம் கொடுத்தார்கள். எந்த ஊரில் வேலை நன்றாக நடக்கிறதோ அந்த ஊரில்தான் இரண்டாம் கட்டம் தொடரும் என்றும், அதை நடத்துகிறவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட காலத்திலேயே இருந்தது, வேலைக்கு வந்த பிறகு ஊட்டமாக வளர்ந்தது.

அவள் செட்டிநாட்டு வணிகக் குடும்பம். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பாவும் அம்மாவும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தார்கள். எங்களுடையது தச்சுக் குடும்பம். அப்பா இப்போது பிளைவுட் அலமாரியும் மாடுலர் கிச்சனும் செய்து கொடுக்கிறார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் இருபது பேரை உட்கார வைக்க முடியாது. மதுரையிலிருந்து எங்கள் இயக்குநர் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தால் கூட்டம் அவள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில்தான் நடக்கும். எந்தத் தெரு தாழ்வு, எந்தச் சுவர் மண் சுவர், எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று நான் வாரக்கணக்கில் வெயிலில் அலைந்து வரைந்த வரைபடத்தை விரித்து வைத்து விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு இலை போடுவார்கள். சாப்பாடு முடிந்து கார் ஏறும்போது இயக்குநர் பேசுவது அவள் அம்மா வைத்த கவுனி அரிசி இனிப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அவளுடைய ஊரில் கிழவர்கள்கூட அவளை மரியாதையாக ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் காதுகுத்து, கல்யாணம், பெண் வயதுக்கு வந்த சடங்கு எதுவும் அவள் இல்லாமல் நடக்காது. என்னை என் ஊரில் மேடம் என்பார்கள். அந்த மேடத்தில் மரியாதையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வாசலோடு போய்விடு என்பதை நாகரிகமாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போவதற்காகக் கரையில் தாழ்வாகக் கட்டிய கல் கட்டுமானம் அது. அதன் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியப்போகும் கார்த்திகைக் கடைசியில் அந்தக் கல் இடுக்குகளை மண்ணும் வைக்கோலும் போட்டு அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வது பழைய வழக்கம். அதில் தப்பில்லை, பெருமழைதான் போய்விட்டதே. ஆனால் தொடர்ந்து மழை பொய்த்த வருடங்களில் ஊர்க்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். ஐப்பசி பிறந்ததுமே மணல் மூட்டைகளை அடுக்கிக் கலுங்கை அடைக்க ஆரம்பித்தார்கள். வராத மழைக்கு அடைத்து அடைத்துப் பழகிவிட்டது. பெரிய மழை ஒன்று வந்துவிட்டால் அந்தத் தண்ணீர் வழிய இடமில்லாமல் கரையைத்தான் உடைக்கும். கரைக்குக் கீழே பள்ளத்தெரு. என் ஊரிலும் அப்படித்தான், அவள் ஊரிலும் அப்படித்தான்.

சிவகங்கைச் சீமையில் போய்த் தண்ணீரைப் பார்த்துப் பயப்படு என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால் இங்கே பூத் தூவிக் குலவையிடுவார்கள், கிடா வெட்டுவார்கள். வீடு தேடி வந்த விருந்தாளியைத் திருடன் என்று கூவுகிற வேலை எனக்கு.

ஆனாலும் கூவினேன். பாசனக்காரர்களைக் கூட்டி வைத்து, மூட்டைகளை எடுங்கள், கார்த்திகை முடியட்டும், பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மேடம், நீங்க கொழாயத் திருகுனா தண்ணி வர்ற ஊருலருந்து வர்றீக. வானத்தப் பாத்து ஒக்காந்துருக்கறவனுக்குத்தான் தண்ணியோட அரும தெரியும்" என்றார். பள்ளத்தெருவை நினைத்துப் பாருங்கள் என்றேன். பள்ளத்தெருக்காரர்களே என் பக்கம் வரவில்லை. கரையை ஒட்டிய முதல் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ஆடு வளர்த்துக்கொண்டு, அறுப்பு நாளில் வயல் வேலைக்குப் போகிறவர். கரை உடைந்தால் முதல் அடி அவர் வீட்டு மண் சுவருக்குத்தான். அவரே, "கண்மா நெறஞ்சாத்தான வயலு, வயலு இருந்தாத்தான எங்களுக்கு வேல" என்று சொல்லிவிட்டார். கடைசியில் பொதுப்பணித்துறைக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டிவிட்டுக் கலுங்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூட்டைகளை எடுத்தார்கள். எடுக்கும்போது என் பரம்பரையையே ஒரு பாட்டம் பேசினார்கள்.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன், உன் ஊரில் கலுங்கு என்ன ஆயிற்று என்று. "பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்டி. ஒன்ன மாதிரி மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொன்னா யாரு கேப்பா? மெதுவாத்தான் சொல்லணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மெதுவாகச் சொல்வதற்கும் ஒரு முகராசி வேண்டும், அது அவளிடம் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் யாரும் நினைக்காத மழை வந்தது. விடாமல் அடித்துப் பெய்து ஒரு மத்தியானம் அவள் ஊர்க் கண்மாயின் கரை உடைந்தது. அடைத்த மூட்டைகள் அடைத்தபடியே இருந்தன, கரைதான் போயிற்று. பள்ளத்தெருவில் பாதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. ஆடுகளும் கோழிகளும் போன கணக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் ஆட்கள் தப்பித்தார்கள். ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு. தெரு முழுக்க மேட்டில் இருந்த கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல அவளும் முதல் ஆளாகப் போயிருந்தாள். தண்ணீர் வந்ததும் சாமானை எடுக்க ஓடப் பார்த்தவர்களைக் கதவை மறித்துக்கொண்டு அவள் விடவில்லை. அது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் செய்தித்தாளில், நனைந்த பட்டுச் சேலையோடு இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ ஒன்றை வைத்துக்கொண்டு அவள் நிற்கிற படம் வந்தது. ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்று கீழே போட்டிருந்தார்கள்.

படம் நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இடிந்த சுவர்களைப் பார்த்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன், அதுவும் உண்மைதான். ஆனால் எரிச்சல் முந்திக்கொண்டது.

என் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கலுங்கில் தண்ணீர் சாதுவாக வழிந்து ஓடைக்குப் போயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். பள்ளத்தெருவில் ஒரு கோழி நடந்து போவதை நான் படம் எடுத்தேன். அதற்குமேல் எடுக்க அங்கே எதுவும் இல்லை. மாத அறிக்கையில் இழப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கோழிப் படத்தையும் வைத்து அனுப்பினேன். இயக்குநர், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

வருமுன் காப்பது பற்றிப் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைக்கிறார்கள். காத்தவளை எந்தச் சுவரில் எழுதினார்கள்? அவள் ஊருக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். நிவாரணம் வந்தது, புதுத் தகரக் கூரை வந்தது, ஆடுகள் வந்தன, பாத்திரங்கள் வந்தன. இரண்டாம் கட்டம் அவள் ஊருக்கே போயிற்று, வேலை அவளுக்கு நிரந்தரமாயிற்று. என் ஊரில் பணி முடிந்துவிட்டது என்று மூடினார்கள். என்னைக் காரைக்குடி அலுவலகத்தில் உட்கார வைத்து, அவள் ஊர் வெள்ளத்தைப் பற்றிய அறிக்கையைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்ற வரியை நான்தான் அடித்தேன். அடிக்கும்போது விசைப்பலகை கொஞ்சம் சத்தம் போட்டிருக்கும்.

அடுத்த ஐப்பசி பிறந்தது. என் ஊர்க் கலுங்கைப் பார்க்க இப்போது ஆள் இல்லையே என்ற குடைச்சல் தாங்காமல் ஒரு விடுமுறை நாளில் கல்லல் பேருந்து ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், நான் பயந்தபடியே கலுங்கு நெடுக மூட்டைகள், முந்தின வருடத்தைவிட உயரமாக. கீழே சாக்கில் மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது யார் என்றால் பள்ளத்தெரு முதல் வீட்டு அக்கா.

"அக்கா, இது ஒடஞ்சா மொதல்ல போறது உங்க வீடுதான்" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போகட்டும் மேடம். அங்குட்டு ஒக்கூர்ப் பக்கம் வெள்ளம் வந்த வீட்டுக்கெல்லாம் புதுக் கூர போட்டுக் குடுத்துருக்காக, ஆடு குடுத்துருக்காக. எங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க தண்ணியத் தெறந்து விட்டீக, அதுக்கப்பறம் மழ இல்ல, கடக்கோடி வயலெல்லாம் காஞ்சுபோச்சு. எனக்கு அறுப்பு வேலயும் போச்சு. நீங்க காப்பாத்துனதுல எங்களுக்கு நட்டந்தான்."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றார் ஒருவர். இழக்காதவன் ஏமாளி என்றார் இன்னொருவர். நான் ஒருத்தி பொறாமைப்பட்டது போதாதென்று ஊரே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது, அதுவும் வெள்ளத்தில் மிதந்தவர்களைப் பார்த்து. அவர்களைத் திட்ட வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? கடைக்கோடி வயல் காய்ந்தது பொய்யில்லை. மழை இப்படிப் பாதியில் நின்றால் அந்த அக்காவின் கூலிக்கு என்ன வழி என்று என் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பழைய மிரட்டலும் செல்லாது, இப்போது நான் அந்த ஊருக்கு யாருமில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் பாட்டுக்கு அடுத்த மூட்டையைக் கட்டினார்கள்.

வேறு வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன். நீ வந்து சொன்னால் கேட்பார்கள் என்று நானே என் வாயால் சொன்னேன். மருந்து குடிக்கிற மாதிரி இருந்தது.

வந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் அவள் ஊர்ப் பெண் ஒருத்தியும் உட்கார்ந்து வந்திருந்தாள். கரை உடைந்த அன்று சடங்கு நடந்தது இந்தப் பெண்ணுடைய மகளுக்குத்தான். "நான் சொல்றதவிட இவுக சொல்லட்டும்டி" என்றாள் என் தோழி. மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவள் வந்தாலே அப்படித்தான், எந்த ஊராக இருந்தாலும் கூட்டம் கூடிவிடும்.

அந்தப் பெண் கலுங்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆடு குடுத்தாக, கூர போட்டுக் குடுத்தாக. நான் இல்லங்கல. வேணுங்கறவக வாங்க, எங்கிட்ட இருக்கத ஓட்டிட்டுப் போங்க. எங்க மாமியாள மண்டபத்துல பத்திரமாத்தான் ஒக்கார வச்சிருந்தோம். அவுக மேல ஒரு சொட்டுத் தண்ணி படல. மறுநா வந்து வீட்டப் பாத்தாக, செவரு இல்ல. அவுக மண்ணு மிதிச்சு, தங் கையால வச்ச செவரு. அன்னையிலருந்து சோறு எறங்கல. மாசம் முடியல, போயிட்டாக. காச்சல்ல செத்தாகன்னு எழுதிக்கிட்டாக. வெள்ளத்துல செத்தாகன்னு ஒருத்தரும் எழுதல."

நான் தட்டச்சு செய்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. பள்ளத்தெரு அக்கா கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டார்.

அந்தப் பெண் அதோடு நிறுத்தவில்லை. சட்டென்று என் தோழி பக்கம் திரும்பினாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஆச்சி, எங்க ஊருல மூட்ட அடுக்குறப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? எங்க வீட்டுல சோறு தின்னீக. எம் மக சடங்குக்கு மொத ஆளா வந்தீக. 'எடுங்கடா அத'ன்னு ஒரு வார்த்த வையக் கூடாதா? இந்தா, இந்த ஊருக்கு வைஞ்சு தொலைக்க ஒரு ஆளு இருந்துருக்கு. எங்களுக்கு யாரு இருந்தா? நீங்கதான இருந்தீக!"

என் தோழி தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா வருத்தப்படுவீகன்னுதான்…" என்று ஆரம்பித்தாள்.

முதலில் ஓடைக்குள் இறங்கியது பள்ளத்தெரு அக்காதான். மேல் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளினார். பிறகு ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கார்த்திகைக் கடைசியில் அடைப்போம், அப்போது யாரும் குறுக்கே வரக்கூடாது என்றார் அன்று துண்டை உதறிப் பேசிய மூத்தவர். நானே வந்து மண் அள்ளிப் போடுகிறேன் என்றேன். மழைத் தூறல் விழ ஆரம்பிக்கும்போது கலுங்கு வெறுமையாக இருந்தது.

எத்தனை வருடமாக இந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் அவள் தலைகுனிய வேண்டும், நான் செய்ததை ஒருத்தராவது சொல்ல வேண்டும். இரண்டும் நடந்துவிட்டது. அது எனக்கு ருசிக்கவே இல்லை என்று எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும். ருசித்தது, ஒரு நிமிடம் நன்றாகவே ருசித்தது.

பிறகு அவர்கள் இருவரும் கிளம்பினார்கள். என் தோழிக்குக் கண்ணீர் நிற்காமல் வழிந்தது, சாவியைக்கூடப் போடத் தெரியாமல் தடுமாறினாள். அவ்வளவு திட்டித் தீர்த்த அந்தப் பெண்தான் சாவியை வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். "முந்தானைய உள்ள சொருகுங்க ஆச்சி, சக்கரத்துல மாட்டிக்கிரும்" என்று அதட்டி, அவளே சொருகிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோழியின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தூறலில் நனைந்துகொண்டு அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஊர் என்னைத் திட்டாத திட்டில்லை, ஆனால் அதெல்லாம் வந்துவிட்டுப் போகிற வெளியாளைப் பார்த்துத் திட்டியது. மாமியார் செத்த துக்கத்தை ஒரு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்து, நீதானே எனக்கு இருந்தாய் என்று அந்தப் பெண் கொண்டுபோய்க் கொட்டியது அவளிடம்தான். எனக்கு அப்படி ஒரு திட்டு இன்றுவரை விழவில்லை.